ஏழு கிலோ காற்று

மச்சான்,

இன்று காலை பட்டறையில் பழைய இரும்பு அலுமாரியை இடம் மாற்றினேன். அதன் பின்னால், சிலந்தி வலைக்குள், சுவரில் சாய்ந்தபடி, காற்றை அளக்க நீ செய்த பலகை நின்றது. இரண்டு கால்களும் மேலே பார்க்கும்படி வளைத்துக் கம்பியால் கட்டிய கண்ணாடிக் குழாய். அதன் நடுவே திருகாணி போட்டு இறுக்கிய, அளவு பார்க்கும் பள்ளிக்கூட அடிமட்டம். குழாய்க்குள் நீ சிவப்பு மை கலந்து ஊற்றிய தண்ணீர் எப்போதோ வற்றிப்போயிருந்தது. அடிவளைவில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்த பிறகு வேலையைத் தொடர மனம் வரவில்லை. வாசலடியில் கதிரையைப் போட்டு, பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடற்காற்று தெருவைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. முதலில் எதையும் நினைக்கவில்லை. பிறகு உன்னைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை.

நீ போய் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. இன்று பின்னேரம் ஓரிடத்துக்குப் போய்வந்தேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். அதற்கு முன் மருதமுனைச் சாயப்பட்டறையில் நடந்ததை ஒருதரம் முழுதாக எழுதிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நீ அறியாதது அதில் அதிகம் இல்லை. நான்தான் அதை ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நாம் ஒரே வருடத்தில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனவர்கள். என் வீடு கல்முனை பஸ் டிப்போவுக்குப் பின்னால். உன் வீடு வள்ளங்களை இழுத்து ஏற்றி வைக்கும் கரையோரம். படிப்பு முடிந்ததும் நான் கட்டாருக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் பொயிலர்களோடு கழித்தேன். நீ ஊரில் மீனுக்கு ஐஸ் போடும் தொழிற்சாலையில் மோட்டர்களையும் மானிகளையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாய். நான் திரும்பி வந்து, டீசலைப் பனித்துளி போலத் தூவி, விசிறிக் காற்றோடு கலந்து பொயிலரின் வயிற்றுக்குள் எரிக்கிற பர்னர்களைப் பூட்டி ஓட்டிக்கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தபோது, கூட வர வேறொருவரையும் நான் யோசிக்கவில்லை.

நான் அவசரக்காரன். நீ நித்திரைக்குள் நடப்பவனைப்போல வேலை செய்வாய். பர்னரின் விசிறி சுழலத் தொடங்கியதும், அது காற்றை இழுக்கும் வாயருகே உள்ளங்கையை விரித்துப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்பாய். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். உனக்கு அது தெரியாது. ஒருநாள் அட்டாளைச்சேனைப் பக்கம் ஒரு பேக்கரியில் அப்படி நின்றுகொண்டே, "இந்தக் காத்து விடியக்காலம் கடலுக்கு மேல நிண்டிருக்கும் மச்சான்," என்றாய். "எங்கட அப்பாட வள்ளத்தைத் தள்ளிப்போட்டு இப்ப இஞ்ச பாண் சுட வந்திருக்கு."

நான் மீற்றரை எடுத்து ஒட்சிசன் எவ்வளவு என்று பார்த்தேன். அதுதான் நமக்குள் இருந்த வித்தியாசம். கட்டாரிலிருந்து கொண்டுவந்த அந்த மீற்றரின் குழலைப் புகைக்கூட்டுத் துளைக்குள் நுழைத்தால், எரிந்து முடிந்த புகையில் எத்தனை வீதம் ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்று அது சொல்லும். மூன்று, நான்கு வீதம் காட்டினால் காற்றும் எண்ணெயும் சரியாகக் கலந்து எரிகிறது என்று அர்த்தம். கூடக் காட்டினால் காற்று வீணாகிறது, காற்று மூடியைக் குறைக்கவேண்டும். அரைகுறையாக எரியும்போது உண்டாகிற காபனோரொட்சைட்டையும் அது காட்டவேண்டும். நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லுகிற அந்தக் காற்றைக் காட்டும் உணரி பழுதாகி அப்போது ஒரு வருடம். கொழும்பில் சொல்லி வைத்திருந்தேன், வரவில்லை. ஒட்சிசன் சரியாக இருந்தால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயப்பட்டறை உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அது இப்போது கனவில் கண்ட இடம்போல இருக்கிறது. முற்றம் நிறைய மூங்கில் கழிகளில் நீலமும் மஞ்சளும் மாதுளம்பழச் சிவப்புமாக நூல்கற்றைகள் தொங்கும். காற்று அடிக்கும்போது நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று போய்வரும். கொப்பரைகளிலிருந்து ஆவி எழும்பி, பெண்களின் முகங்களை மறைத்து மறைத்துக் காட்டும். அந்த ஆவியைத் தரும் பொயிலர் ஒரு சின்ன அறைக்குள் இருந்தது. அதற்கும் பக்கத்தில் இருந்த உலர்த்தும் அறைக்கும் நடுவே கதவு இல்லை, வெறும் வாசல்தான். பொயிலரின் சூடு அந்தப் பக்கம் போனால் மழைநாளிலும் நூல் காயும் என்று முதலாளி ஹாஜியார் வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருந்தார்.

புதுப் பர்னரைப் பூட்டிய அன்று மீற்றர் முதலில் ஏழு வீதம் காட்டியது. காற்று கூடிப்போனது என்று நான் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நாலு வீதத்துக்குக் கொண்டுவந்து, திருகாணியை இறுக்கினேன். நீ பார்வைக் கண்ணாடி வழியே சுவாலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். "நுனி கொஞ்சம் கறுத்துக் கிடக்கு," என்றாய். அடுப்புக்குள் புதுச் செங்கல், ஈரம் காயட்டும் என்றேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கக் காலையில் போனோம். அன்று மத்தியானம் அட்டாளைச்சேனையில் என் மூத்த சகோதரியின் மகளுக்கு வலீமா விருந்து. பொண்ணின் மாமன் நான், நேரத்தோடு போய் நிற்கவேண்டும். வெள்ளைச் சேட்டோடுதான் வந்திருந்தேன்.

உலர்த்தும் அறையில் நூல் திருப்பிக்கொண்டிருந்த பரீதா ராத்தா வாசலில் வந்து நின்று நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதுக்குக் கிட்ட, மெலிந்த மனுசி, எல்லாருக்கும் ராத்தா, அக்கா முறை. புருசன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள் என்று பிறகுதான் தெரியும்.

"தலை சுத்துது தம்பி. ரெண்டு நாளா இப்பிடித்தான் இரிக்கி," என்றார்.

"சாய மணம் ராத்தா. கொஞ்சம் தண்ணி குடிங்க," என்றேன் நான்.

நீ கேட்டாய்: "வெளிய போனா எப்பிடி இருக்கு ராத்தா?"

"ஊட்ட போனா சரியாப் போகுது. இஞ்ச வந்தாத்தான் திரும்பவும் வருது."

நீ நேரே பொயிலர் அறைக்குள் போனாய். நான் கையெழுத்து வைத்துப் பத்திரத்தை ஹாஜியாரின் மேசையில் வைத்துவிட்டு வந்தபோது, வண்டியிலிருந்து உன் பலகையையும் ஒரு தகரக் குழாயையும் இறக்கிக்கொண்டிருந்தாய்.

"மச்சான், ஒருக்கா எண்ணெயையும் காத்தையும் நிறுத்துப் பாப்பம்."

"மீற்றர் நாலு எண்டு காட்டுது. இன்னும் என்னத்தை நிறுக்கிற?"

"மீற்றர் புகைக்கூட்டுக்குள்ள மிஞ்சினதைத்தானே சொல்லுது. அடுப்புக்குள்ள என்ன போகுதெண்டு நாம இன்னும் கேட்கல்லையே."

அப்போது நான் சொன்னதை நீ மறந்திருப்பாய் என்று எத்தனையோ தரம் என்னைத் தேற்றியிருக்கிறேன். "ஊரை விட்டு ஒரு இடமும் போகாதவனுக்கு மீற்றரை நம்ப ஏலாதுதான். உனக்கு இந்த மைத்தண்ணியும் பழைய குழாயும் காணும்." ஹாஜியாரின் கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றார். கொப்பரையடியில் நின்ற பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ தகரக் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டாய். பிறகு, "நீ போயிட்டு வா. கலியாணச் சாப்பாடு ஆறப்போகுது," என்றாய். குரலில் கோபம் இல்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டேன்.

நான் போன பிறகு நீ செய்ததை உன் தாளிலிருந்தும், பிறகு நீ துண்டுதுண்டாகச் சொன்னதிலிருந்தும் எனக்குத் தெரியும். அதை மனதுக்குள் இத்தனை தரம் ஓட்டிப் பார்த்ததில், நானும் பக்கத்தில் நின்றேன் என்றே சில நாட்களில் தோன்றும்.

டீசல் கானைச் சாயம் நிறுக்கும் தராசில் வைத்து, பர்னரின் எண்ணெய்க் குழாயை அதற்குள் விட்டாய். கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். பத்து நிமிடத்தில் நாலு கிலோ குறைந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு இருபத்துநாலு. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறையப் பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். இருபத்துநாலுக்கு முந்நூற்று நாற்பத்தெட்டு. அது குறைந்த அளவு. எந்த அடுப்பிலும் எண்ணெயின் ஒவ்வொரு துளியும் தன் பங்குக் காற்றைத் தேடிப்பிடிப்பதில்லை. அதனால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும். நானூற்றுப் பதினெட்டு. இவ்வளவையும் நூல் சுற்றிவந்த தாளின் பின்பக்கத்தில், தச்சன் பென்சிலால், உன் சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தாய்.

பிறகு காற்று. பர்னரின் வாயில் தகரக் குழாயைப் பொருத்தி, இடுக்குகளைச் சீலைத் துண்டால் அடைத்தாய். தகரத்தில் ஒரு துளையிட்டு, மெல்லிய செப்புக் குழலை, வரும் காற்றை நேருக்கு நேர் பார்க்கும்படி நுழைத்து, அதன் மறுமுனையைப் பலகையின் கண்ணாடிக் குழாயோடு பூட்டினாய். பலகையைத் தரையோடு சரித்து வைத்தாய். சரித்தால் ஒரு மில்லிமீற்றர் உயர்வு பத்து மில்லிமீற்றராக நீளும், கண்ணுக்குப் பிடிபடும். தகரக் குழாயின் நடுவில் காற்று விரைந்து போகும், ஓரங்களில் தகரத்தைத் தடவிக்கொண்டு மெதுவாகப் போகும். ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுத்தாய். சிவப்புத் தண்ணீர் இருபத்தெட்டு மில்லிமீற்றர் ஏறி நின்றது. அதிலிருந்து வேகம், வேகத்தைக் குழாயின் வாய்ப்பரப்பால் பெருக்கிக் கனவளவு. நிழலில் வெப்பமானியைப் பிடித்து முப்பத்திரண்டு பாகை என்று பார்த்து, அந்தச் சூட்டில் ஒரு கன மீற்றர் காற்றின் பாரம் எவ்வளவு என்று கண்டு, அதனாலும் பெருக்கினாய்.

முந்நூற்று ஐம்பத்தைந்து கிலோ.

எண்ணெய் கேட்பதற்கு மேல் ஏழு கிலோ காற்றுத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எழுபது வேண்டிய இடத்தில் ஏழு. தாளில் அந்த ஏழைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தாய். வட்டம் முழுமையடையவில்லை, பென்சில் இழுபட்டுத் தாளின் ஓரத்துக்குப் போயிருந்தது. அந்த இடத்தில்தான் நீ எழும்பியிருக்கிறாய். இவ்வளவு குறைந்த காற்றில் எரியும் அடுப்பின் புகையில் என்ன இருக்கும், தலை சுற்றுகிறது என்றவர் எங்கே நிற்கிறார் என்று ஒரே நேரத்தில் உனக்கு உறைத்திருக்கிறது. பர்னரை நிறுத்திவிட்டு உலர்த்தும் அறைக்குள் ஓடினாய். நீல நூல் தொங்கிய கழிகளுக்குக் கீழே பரீதா ராத்தா விழுந்து கிடந்தார்.

பந்தலில் எனக்கு உன் அழைப்பு இரண்டு தரம் வந்தது. இரண்டு தரமும் வெட்டிவிட்டேன். சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம், மாப்பிள்ளையின் வாப்பா எனக்கு இறைச்சி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் எடுத்தேன்.

"மச்சான், அந்த ராத்தா விழுந்துட்டா. மூச்சு இருக்கு. வெளிய தூக்கிக் கொண்டுவந்துட்டம். நீ வா."

கை கழுவினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. நிந்தவூர் வயல்களைத் தாண்டி வந்தது மட்டும் ஞாபகம். கச்சான் காற்று ரோட்டுக்குக் குறுக்கே அடித்தது. நெற்பயிர் முழுதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. இவ்வளவு காற்று உலகத்தில் இருக்க, ஒரு அறைக்குள் மட்டும் அதை நான் ஒரு திருகாணியால் மூடிவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். சாய்ந்தமருது கடந்தது தெரியாது. கல்முனைச் சந்தியில் ஆரோ ஏசினார்கள்.

நான் வந்தபோது அவரை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தீர்கள். நீ கிணற்றடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய், உனக்கும் தலை சுற்றியிருக்கிறது. அந்தத் தாளை என் கையில் தந்தாய். "இதைப் பார்," என்று மட்டும் சொன்னாய். நான் பார்த்தேன். இரண்டாம் வரியிலேயே விளங்கிவிட்டது.

லுஹர் தொழுதுவிட்டு அப்போதுதான் ஹாஜியார் ஓடிவந்தார். பள்ளிவாசலிலேயே ஆரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் கண்டது, முற்றத்தின் நடுவே கணக்குத் தாளோடு நின்ற என்னை.

"என்ன நடந்த? ஆர் கண்டுபிடிச்ச?"

"காத்து குறைவு ஹாஜியார். கணக்குப் போட்டுப் பாத்ததில தெரியவந்த," என்றேன். ஆர் போட்ட கணக்கு என்று சொல்லவில்லை. அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஒரு உசிரைக் காப்பாத்திட்டீங்க," என்று தோளில் அழுதார். அவர் தோளுக்கு மேலாக, ஈரச் சேட்டோடு நீ நின்றதைக் கண்டேன். நீ வேறெங்கோ பார்த்தாய்.

அதோடு நிற்கவில்லை. அவர் உள்ளே போனதும் மேசையிலிருந்த ஒப்படைப்புப் பத்திரத்தை எடுத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். நாலு வீதம், எல்லாம் சரி, என் கையெழுத்து. அதையும் நீ கண்டாய்.

பின்னேரம் நீ பெண்களிடம் ஊதுபத்தி கேட்டாய். ஒருவருக்கும் ஏனென்று விளங்கவில்லை. கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துப் பர்னரைச் சில நிமிடம் ஓட்டச் சொல்லிவிட்டு, பற்ற வைத்த ஊதுபத்தியைப் புகைக்கூட்டின் அடிமூட்டருகே பிடித்தாய். நேராக எழும்பிய புகை வளைந்து, துருப்பிடித்த மூட்டு இடுக்குக்குள் பாம்புபோல நுழைந்தது. பொயிலரின் முன்கதவருகே பிடித்தாய். புகை வெளியே தள்ளுண்டு உன் முகத்தில் பட்டது. அவ்வளவுதான் விசயம். முன்கதவின் இடுக்கைச் சுற்றி அடைத்திருந்த கயிறு தளர்ந்து, நச்சுக்காற்று அறைக்குள் கசிந்துகொண்டிருந்தது. புகைக்கூட்டின் அடியிலோ வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. என் மீற்றரின் குழல் அந்த மூட்டுக்கு மேலே இருந்தபடியால், அடுப்பிலிருந்து வந்த புகையோடு அந்த வெளிக்காற்றையும் சேர்த்துக் குடித்துவிட்டு ஒட்சிசன் கூட இருக்கிறது என்றது. அதைக் கேட்டு நான் அடுப்பின் காற்றை மூடினேன்.

பெண்கள் வாய்பார்த்து நின்றார்கள். நீ அவர்களுக்கு ஊதுபத்தியைத் திரும்பத் திரும்பப் பிடித்துக் காட்டினாய், விளையாட்டுக் காட்டுவதுபோல.

புகைக்கூட்டின் மூட்டு இடுக்கை அடைத்து, கதவுக் கயிற்றை மாற்றி, உன் பலகையை வைத்து நானூற்றுப் பதினெட்டுக்கு மூடியைத் திறந்தோம். பார்வைக் கண்ணாடியில் சுவாலையின் கறுத்த நுனி கரைந்து, வெளிச்சம் கூடி, உள்ளே ஒரு மஞ்சள் பூ அமைதியாக விரிந்ததுபோல் நின்றது. மீற்றரைப் போட்டேன். மூன்றே முக்கால். குழாயும் மீற்றரும் ஒரே சொல்லைச் சொன்னன. நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாய். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

பரீதா ராத்தா நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் உயிரோடு கிடைத்திருக்கமாட்டார் என்று டொக்டர் சொன்னதாக ஹாஜியார் போகிற இடமெல்லாம் சொன்னார். என் பேரோடு சேர்த்துச் சொன்னார். கணக்குப் போட்டு அடுப்பு ஏற்றுகிறவர் என்று கரையோரம் முழுதும் எனக்கு ஒரு பேர் வந்தது. பொத்துவிலிலிருந்தும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நீ பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாய். நான் முன்னால் நின்று பேசினேன். நீ பின்னால் குந்தியிருந்து சிவப்புத் தண்ணீரைப் பார்த்தாய். இத்தனை வருடத்தில் ஒரு சொல், ஒரு சாடை, ஒரு பகிடிகூட அதைப் பற்றி உன் வாயிலிருந்து வரவில்லை. சில நாள் நான் அதற்காகவே உன்மேல் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

பிறகு உனக்கு இழுப்பு வரத் தொடங்கியது. நுரையீரல் சுருங்கிக்கொண்டு போகிறது, திரும்ப விரியாது என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, நீ ஒட்சிசன் சிலிண்டரின் மானியையே பார்த்துக்கொண்டு கிடப்பாய். கண்ணாடிக் குழலுக்குள் சின்னக் குண்டு ஒன்று காற்றில் மிதந்துகொண்டிருக்கும். ஒருநாள் நான் போனதும் கையைக் காட்டி இருக்கச் சொன்னாய்.

"கணக்கொண்டு போடு மச்சான். ஆயிரத்தி ஐந்நூறு லீற்றர். நிமிசத்துக்கு அஞ்சு. பத்து மணிக்குத் திறந்த."

"முந்நூறு நிமிசம். மூண்டு மணிக்கு முடியும்."

"ஓம். மூண்டுதான்." உனக்குச் சந்தோசம். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தாதி வந்து சிலிண்டரை மாற்றினார். "நல்ல பிள்ளை, முந்தியே வந்துட்டா," என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை.

இருமல் அடங்கியபிறகு நான் தொடங்கினேன். "மச்சான், அந்தச் சாயப்பட்டறையில…"

"தெரியும்," என்றாய். கண் மூடியிருந்தது. "அண்டைக்கு நீ சோத்தை விட்டுட்டு வந்தாய்தானே. அது காணும் எனக்கு."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வெளியே மரத்தில் காற்று அசைந்தது. அதை நீ கேட்டுக்கொண்டு கிடந்தாய். பதினொரு நாள் கழித்து உன் மகன் அழைத்து, நீ போய்விட்டாய் என்றான். உன்னைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோனபோது நானும் கூட நடந்தேன்.

உனக்குப் போதுமாக இருந்திருக்கலாம். எனக்குப் போதவில்லை. இன்று காலை பலகையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது அது எனக்குத் திட்டமாகத் தெரிந்தது. அஸர் தொழுதுவிட்டு மருதமுனைக்குப் போனேன். பரீதா ராத்தாவின் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். சாயப்பட்டறை வேலையை விட்டு வெகுகாலம். வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். முகம் சுருங்கிவிட்டது, கை மட்டும் வேகம். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

"இரிங்க ராத்தா. ஒரு விசயம் சொல்லிட்டுப் போக வந்த," என்றேன்.

நின்றபடியே சொன்னேன். கணக்குப் போட்டது நானில்லை, கூட வந்த என் கூட்டாளி. காற்றை மூடினது நான். அவர் அளந்து பார்ப்போம் என்று சொல்லியும் நான் கேட்காமல் கலியாணத்துக்குப் போனேன். உங்களைத் தூக்கியதும் அவர்தான். பத்திரத்தை எடுத்து மறைத்ததையும் சொன்னேன். சொல்லி முடியுமட்டும் ராட்டை சுற்றவில்லை.

"அப்ப எண்ணினவரு அவருதானா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு நான் கண்ணைத் திறக்கக்குள்ள ஒரு ஆள் பக்கத்தில குந்தி எண்ணிக்கிட்டிருந்தாரு. முகம் விளங்கல்ல, வெயில் பின்னால. நான் மூச்சு விட விட ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணினாரு. நான் நிப்பாட்டினா, 'இழுங்க ராத்தா, இன்னொண்டு இழுங்க' எண்டாரு. பதினேழு மட்டும் எனக்கு ஞாபகம் இரிக்கி. எல்லாரும் உங்கட பேரைத்தான் சொன்னாங்க. நானும் நீங்கெண்டே நினைச்சுட்டன்."

இதை நீ எனக்குச் சொன்னதே இல்லை, மச்சான். நீ அறிந்து நான் அறியாத ஒன்று இது.

"அவரு இப்ப எங்க?"

"மௌத்தாகிட்டாரு ராத்தா. ரெண்டு வருசம். இழுப்பு நோய்."

அவர் கையிலிருந்த நூலை மடியில் வைத்தார். "சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் உங்கட பேரைச் சொல்லித்தான் துஆ கேட்டுவாறன். ஒரு நாளும் விட்டதில்ல. 'யா அல்லாஹ், எனக்கு மூச்சுத் தந்த மனுசன்ட மூச்சுக்கு ஒரு குறையும் வைக்காதே' எண்டு."

"அதை அவருக்கு மாத்திக் கேளுங்க ராத்தா," என்றேன்.

"கேட்டதைத் திருப்பி எடுக்க ஏலுமா? அது உங்களோடயே இரிக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனி அவருட பிள்ளைகளுக்குக் கேக்கன். அவருட பேரைச் சொல்லுங்க."

உன் பேரைச் சொன்னேன். அவருடைய நாவுக்கு அது புதிது. இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்து, சரியா என்று என் முகத்தைப் பார்த்தார். சரி என்றேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன், கரையோரமாக. மணலில் இரண்டு மைல் இருக்கும். எங்கும் நிற்கவில்லை. எனக்கு வயது அறுபது தாண்டிவிட்டது, மச்சான். இன்றைக்கும் படியேறினால் இளைப்பதில்லை, இருமல் தடிமல்கூட அண்டுவதில்லை. டொக்டர்மார் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நல்ல மூச்சு என்பார்கள். உன் பேரில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய அந்த மூச்சு என் நெஞ்சுக்குள் போய்வந்துகொண்டிருக்கிறது.